மல்லாட்டைக் கொல்லையும் மூன்று கிலோமீட்டரும்

காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றி நம் ஓய்வூதியர் வாட்சாப் குழுவில் போன வாரம் பெரிய ரகளை. ஒரு தாய்ப்பன்றியும் ஆறு குட்டிகளும் வரிசையாக ரோட்டைக் கடக்கும் படத்தை ஒரு நண்பர் போட்டு, "இந்த வாயில்லா ஜீவன்களைச் சுட உத்தரவு போட்டவர்களுக்கு மனசாட்சி உண்டா?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பதினைந்து கைகூப்பும் பொம்மைகள், நாலு அழும் பொம்மைகள். நான் ஒரே வரிதான் எழுதினேன்: "இந்தக் குடும்பம் ராத்திரி யார் கொல்லையில் சாப்பிட்டுவிட்டு வருகிறது?" அவ்வளவுதான், ஒருவர் என்னைக் கசாப்புக்காரன் என்றார். இன்னொருவர் தனியாகப் போன் செய்து, வயதான காலத்தில் ஏன் சார் இந்தப் புத்தி என்று அக்கறையாக விசாரித்தார். வாட்சாப்பில் நீளமாக எழுதினால் படிக்காமலே பதில் போடுகிறார்கள். ஆகவே என் கட்சியை இங்கே முழுதாக வைக்கிறேன்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட வேண்டும். ஊர் அளவில் முடிவெடுத்து, பயிற்சியும் லைசென்சும் உள்ள ஆட்களை வைத்து, கணக்கு எழுதிச் சுட வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது இருக்கும் உத்தரவு, சுட அனுமதி தருவது போலத் தொடங்கிச் சுடாமல் இருக்க வழி செய்து முடிகிறது. அது அப்படியே இருக்கும்வரை குடியானவன் கட்டுக்கம்பியில் கரண்ட் விடுவான். அந்தக் கம்பியில் பன்றி மட்டும் சாவதில்லை.

புதுச்சேரிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வீட்டுக்காரி வழியிலோ திண்டிவனம், செஞ்சி, திருக்கோவிலூர் பக்கம் ஒரு காணியாவது உண்டு. என் மைத்துனர் செஞ்சிக்கு மேற்கே மல்லாட்டையும் கரும்பும் வைக்கிறார். மணிலாக்கொட்டை என்பதைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை ஆக்கிவிட்டோம். ஒரு காலத்தில் நம் துறைமுகத்திலிருந்து மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு இது. அந்த மல்லாட்டை விளையும் செம்மண் கொல்லைகள்தான் இன்றைக்குப் பன்றியின் பந்தி.

பன்றி மேய்ந்த கொல்லையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மாடு மேய்ந்தால் நுனியைத் தின்னும், மறுபடி துளிர்க்கும். ஆடும் அப்படித்தான். பன்றி மூக்கை மண்ணுக்குள் விட்டுக் கிண்டும். வேரோடு செடியைப் புரட்டி, காயைத் தின்று, தின்றதைப் போல நாலு மடங்கைச் சிதைத்துவிட்டுப் போகும். கரும்பில் அடித்தண்டைக் கடித்துத் துப்பும். சாய்ந்த கரும்பு சாய்ந்ததுதான். மரவள்ளியில் கிழங்கு, மக்காச்சோளத்தில் கதிர். நெல் பால் பிடிக்கும் சமயம் அதற்கும் தெரியும். மைத்துனர் போன வருஷம் விடியற்காலையில் போன் செய்தார். "மாமா, பத்து நாள்ல பிடுங்க வேண்டிய கொல்ல. ஒரே ராத்திரி. ஏர் ஓட்டுன மாதிரி பண்ணிட்டுப் போயிடுச்சிங்க" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. விதை, ஜிப்சம், களையெடுப்புக் கூலி எல்லாம் கடனில் போட்டது. எனக்கு ஒன்றாம் தேதியானால் பென்ஷன் வந்துவிடுகிறது. அவருக்கு மாதச் சம்பளம் அந்தச் செடியின் அடியில்தான் இருந்தது.

அவர் முயற்சி செய்யாதவர் இல்லை. கொல்லையைச் சுற்றிப் பழைய புடவை கட்டினார்; கலர் கலராக ஏதோ திருவிழா மாதிரி இருந்தது. முடிதிருத்தும் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக முடி வாங்கி வரப்பில் தூவினார். மூக்கில் ஏறினால் ஓடும் என்று சொல்வார்கள், ஒரு மழை பெய்தால் முடி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நாட்டுப்பன்றிச் சாணத்தைக் கரைத்துத் தெளித்தார். பெனாயில் துணி தொங்கவிட்டார். செல்போனில் புலி உறுமும் சத்தம் போட்டார்; மூன்றாம் நாள் பன்றி அதற்குப் பழகிவிட்டது, பக்கத்துக் கொட்டகையில் படுத்திருந்த கிழவிக்குத்தான் தூக்கம் போனது. பரண் கட்டித் தகரம் தட்டினார். வள்ளி தினைப்புனம் காத்த கதையை நாம் ரசித்துக் கேட்கிறோம். அவள் விரட்டியது கிளியை. அறுபது வயதில் மார்கழிப் பனியில் பரணில் உட்கார்ந்து, எண்பது கிலோ மிருகத்தை விரட்டிப் பார்த்தால் தெரியும்.

சோலார் வேலி போடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். நல்ல யோசனைதான், நான் எதிர்க்கவில்லை. அது விட்டுவிட்டு ஒரு கணம் மட்டும் அடிக்கும், தூக்கிப் போடும், கொல்லாது. மானியமும் உண்டு. ஆனால் கையிலிருந்து போட வேண்டிய பங்கு ஒரு காணிக்காரனுக்குப் பெரிய தொகை. குத்தகைக்காரனோ அடுத்தவன் நிலத்துக்கு வேலி போட மாட்டான். கம்பியில் புல் உரசினால் அடியின் வேகம் குறையும், அதனால் கீழே ஓயாமல் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் மண்ணைப் பறித்து நுழையும் பன்றியும் உண்டு. அப்படியே தடுத்துவிட்டாலும், வேலி போட்டவன் கொல்லையை விட்டுப் போடாதவன் கொல்லைக்கு அது போகிறது. பசி ஊருக்குள்தான் சுற்றுகிறது.

எல்லாம் செய்து தோற்ற பிறகுதான் கம்பி வருகிறது. மோட்டார் கொட்டகையிலிருந்தோ மேலே போகும் லைனில் கொக்கி போட்டோ 230 வோல்ட்டை நேராகக் கட்டுக்கம்பியில் விடுவது. தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. இது கரண்ட் திருட்டு, ஆள் செத்தால் மரணம் விளைவித்த குற்றம். எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் செய்கிறார்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கடலூர் மாவட்டச் செய்திகளைப் படிக்கிறவர்கள், 'மின்வேலியில் சிக்கி விவசாயி பலி' என்ற தலைப்பை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? சாகிறவன் யார்? மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது மோட்டார் போடப் போகிறவன். பக்கத்துக் கொல்லைக்காரன், இல்லையென்றால் அவன் மகன். சில சமயம் கம்பி கட்டியவனே. மைத்துனர் ஊருக்கு அடுத்த ஊரில் அப்படி ஒரு சாவு நடந்தது. கம்பி கட்டியவரும் செத்தவரும் பங்காளிகள். ஒரு வீட்டில் கருமாதி, மறு வீட்டில் ஆள் ஜெயிலில். பன்றி அந்த வாரமும் வந்தது என்று மைத்துனர் சொன்னார்.

மனிதர்கள் சாவு மனதைத் தொடவில்லை, மிருகங்கள் மேல்தான் இரக்கம் என்றால் அதையும் பார்க்கலாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் ஒரே இடத்தில் செத்தன. இரண்டு குட்டிகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த படத்தை அன்றைக்கு இதே குழுவில் போட்டு அழுதோம். 2020-ல் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் சினை யானை ஒன்று வாயில் வெடி வெடித்து ஆற்றில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைக்கிற வெடி அந்த வகைதான். நம் பக்கம் அதை அவுட்டுக்காய் என்பார்கள். மாடு கடித்தாலும் வெடிக்கும், நாய் கடித்தாலும் வெடிக்கும். வாய் கிழிந்த பன்றி ஒரு வாரம் பட்டினி கிடந்து புதரில் சாகும். துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லும் அன்பர்கள், அந்த இடத்தில் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் சுட விடாததால் பன்றி பிழைத்துப் போகவில்லை. அது இன்னும் கேவலமாகச் சாகிறது, கூடவே நாலு பேரை இழுத்துக்கொண்டு.

இனி உத்தரவுக்கு வருகிறேன். இது என் தொழில். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாட்டின் சாரம் இது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். கிராம அளவில் ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும்.

படிக்க அழகாக இருக்கிறது. செஞ்சிப் பக்கத்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காப்புக்காடு என்பது ஒரே பெரிய காடு இல்லை. இங்கொரு குன்று, அங்கொரு கரடு என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டால், வட்டத்துக்கு வெளியே எத்தனை ஊர் மிஞ்சும்? எந்த ஊரில் பன்றித் தொல்லை அதிகமோ அந்த ஊர்தான் வட்டத்துக்குள் விழும். நடுவட்டத்துக்கான வைத்தியம் இன்னும் வேடிக்கை. இருபது பன்றியைப் பிடித்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற குன்றில் விட்டால், அது திரும்பி வர எத்தனை நாழிகை ஆகும்? வேன் ஊர் திரும்புவதற்குள் அது கொல்லைக்கு வந்திருக்கும்.

மூன்றைத் தாண்டிய ஊரிலும் என்ன நடக்கும்? விவசாயி மனு எழுதுவார். குழு கூட வேண்டும். வி.ஏ.ஓ.வுக்கு அன்றைக்கு ஜமாபந்தி, வனவருக்கு வேறொரு இடத்தில் மலைப்பாம்பு. குழு கூடிப் பார்த்து, எழுதி, மேலே அனுப்பி, ஆள் வரும்போது மல்லாட்டை பிடுங்கி முடிந்திருக்கும் அல்லது பிடுங்க ஒன்றும் இருக்காது. பல வட்டங்களில் வனக்காப்பாளர் ஒருவரே பத்து இருபது கிராமத்தைப் பார்க்கிறார். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு தடி. ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கொல்லைக்கு அவர் போவார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மனு குவிந்தும் வேலை நடக்காத மேஜைகளை நானே பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த மேஜைக்காரன் சோம்பேறியாக இருக்க மாட்டான். உத்தரவு எழுதியவன் மேஜையை விட்டு எழுந்து பார்த்திருக்க மாட்டான்.

சட்டம் இவ்வளவு இறுக்கமாகவும் இல்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கை, காரணத்தை எழுத்தில் பதிந்து, வேட்டையாட 'எந்த நபருக்கும்' அனுமதி தரலாம் என்கிறது. சொத்து என்றால் நிலத்தில் நிற்கும் பயிரும் சேர்த்தி என்று அதே இடத்தில் சொல்லியிருக்கிறது. காட்டுப்பன்றி அந்த வகையில் வரும் விலங்குதான். வனத்துறை ஆள்தான் சுட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதைச் சேர்த்தது உத்தரவு எழுதிய பேனா. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தையும் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து இடித்துச் சுடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுப்பது பற்றி அதில் தனியாகவே வாசகம் இருக்கிறது. பயிரைக் காக்கத் துப்பாக்கி வேண்டியிருக்கும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த லைசென்ஸ் பழைய ஆட்கள் சிலரிடம் இன்னும் உண்டு. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பாராளுமன்றம், சட்டமன்றம், ஊராட்சி என்று நம் ஊரில் தேர்தலுக்கா பஞ்சம்? நடத்தை விதிகள் பன்றிக்குப் பொருந்தா.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று ஞாபகம் வர வேண்டும். 1789 ஆகஸ்ட் 4-ஆம் தேதி இரவு என்று வாத்தியார் மேஜையைத் தட்டித் தட்டி நடத்திய பாடம். பிரபுக்கள் தம் விசேஷ உரிமைகளை விட்டுக்கொடுத்த இரவு என்று ஒப்பித்தோம், மார்க் வாங்கினோம். அந்த உரிமைகளில் இரண்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒன்று, புறாக்கூடு வைக்கும் உரிமை. இன்னொன்று வேட்டையாடும் உரிமை. பிரபுவின் புறா குடியானவன் விதைத்த கோதுமையைப் பொறுக்கும், பிரபுவின் முயலும் மானும் பன்றியும் பயிரை மேயும். குடியானவன் கை வைக்கக் கூடாது; வைத்தால் சிறை, நாடு கடத்தல், கப்பலில் துடுப்புத் தண்டனை. புரட்சிக்கு முன் ஊர் ஊராக எழுதி அனுப்பிய 'காயே' என்ற குறைப்புத்தகங்களில், வரிக்கு அடுத்தபடி ஓயாமல் வரும் புலம்பல்களில் இதுவும் ஒன்று.

அந்த ஆகஸ்ட் தீர்மானத்தில் எழுதினார்கள்: ஊர்ச் சமூகங்கள் குறிக்கும் காலத்தில் புறாவை அடைத்து வைக்க வேண்டும், அடைக்காவிட்டால் தன் நிலத்தில் வந்ததை எவனும் கொல்லலாம். வேட்டையில் பிரபுவுக்கு இருந்த தனியுரிமை ஒழிந்தது. நிலத்துக்காரன் தன் நிலத்தில் எந்த வேட்டை விலங்கையும் அழிக்கலாம், பொதுப் பாதுகாப்புக்கான சட்டங்களுக்கு மட்டும் கட்டுப்பட்டு. வேட்டைக் குற்றத்துக்காகத் துடுப்புத் தண்டனை அனுபவிப்பவர்களைத் திரும்ப அழைக்கும்படி ராஜாவைக் கேட்பது என்றும் சேர்த்தார்கள். பதினாலு வயதில் இதைப் படித்தபோது புறாவுக்காகவா புரட்சி செய்தார்கள் என்று பின் பெஞ்சில் சிரித்தோம். இப்போது செஞ்சியில் ஒரு கொல்லையைப் பார்த்த பிறகு அந்த வாத்தியார் ஏன் மேஜையைத் தட்டினார் என்று புரிகிறது. பிரபுவின் இடத்தில் இன்று இலாகா இருக்கிறது. பன்றி அரசாங்கச் சொத்து, பயிர் மட்டும் குடியானவன் சொத்து. அரசாங்கச் சொத்து குடியானவன் சொத்தைத் தின்றால் மனுப் போடு என்கிறார்கள்.

இன்றைய பிரான்சில் பெருவிலங்கு அழித்த பயிருக்கு மாவட்ட வேட்டைக்காரர் சம்மேளனம் இழப்பீடு தர வேண்டும். சுடுகிற உரிமையோடு பணம் கட்டும் கடமையும் ஒரே ஆளிடம் இருப்பதால் கணக்கு ஒழுங்காக நடக்கிறது. அங்கே ஆண்டுக்குப் பல லட்சம் காட்டுப்பன்றி சுடப்படுகிறது. இனம் அழியவில்லை, இன்னும் கூடித்தான் வருகிறது. எல்லாம் அங்கே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2020 டிசம்பரில் லோ மாவட்டத்தில், வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞனைப் பன்றி என்று நினைத்து ஒரு வேட்டைக்காரர் சுட்டுவிட்டார். நாடே கொதித்தது. துப்பாக்கியை ஆளுக்கொன்றாகக் கொடு என்று மேடையில் பேசுகிற தலைவர்களுக்கும் நான் எதிரிதான். நம் ஊரில் வரப்புத் தகராறு எப்படிப் போகும் என்று தெரியாதா?

குழுவில் வந்த இன்னொரு வாதம்: "அதன் காட்டை நாம் பிடுங்கிக்கொண்டோம், அது எங்கே போகும்?" யானைக்கு இது பொருந்தும், நானும் கைகூப்புவேன். சமவெளிப் பன்றிக்குப் பொருந்தாது. மைத்துனர் நிலம் அவருடைய தாத்தா காலத்துக்கு முன்பிருந்தே உழவில் இருக்கிறது. அவரைத் தேடி வருகிற பன்றி பெரும்பாலும் காட்டில் வாழவில்லை. தூர்ந்த ஏரியிலும் ஓடைக்கரையிலும் புறம்போக்கிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் புதரில் பகலெல்லாம் படுத்திருக்கிறது. அங்கே அதை அடிக்கப் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. சாப்பாடு சுற்றி நாலு பக்கமும் விளைகிறது. மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்று பன்றிச் சினைக்குக் கணக்குச் சொல்வார்கள். ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி. காட்டில் அதில் பாதி செத்துவிடும், கரும்புத் தோட்டத்தில் எல்லாம் பிழைக்கும். இது இயற்கை என்று சொன்னால், நம் கரும்பையும் கருவேலத்தையும் நாம் இயற்கையில் சேர்க்க வேண்டும்.

வராக அவதாரம் என்றும் ஒருவர் எழுதினார். ஸ்ரீமுஷ்ணம் பூவராகரை நானும் சேவித்திருக்கிறேன், மாசி மகத்துக்கு அவர் கிள்ளைக்கு எழுந்தருளும்போது போயிருக்கிறேன். அவர் கடலுக்குள் போன பூமியைக் கொம்பில் தூக்கி வந்து வைத்தவர். அவர் பேரைச் சொல்லிப் பூமியைக் கிண்டிப் போடுகிறதற்கு வக்காலத்து வாங்குவது அவருக்கே பிடிக்காது. மயில் விஷயம் வேறு. அதுவும் பயிரைத் தின்கிறது, ஆனால் தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணை. அதைச் சுடச் சொல்ல எனக்கும் நாக்கு வராது. அதற்கு இழப்பீடுதான் வழி.

சுடுவதாலேயே எல்லாம் தீரும் என்பவர்களுக்குப் பீகார் கதை ஒன்று. 2016 ஜூனில் மொகாமா பகுதியில் வெளியூரிலிருந்து வேட்டைக்காரர்களை வரவழைத்து 200-க்கும் மேற்பட்ட நீலகாய் மான்களைச் சில நாட்களில் சுட்டார்கள். டெல்லியில் ஒரே அமைச்சரவையில் இருந்த மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேக்கரும் அதற்காகப் பகிரங்கமாகச் சண்டை போட்டார்கள். திருவிழா மாதிரி வந்து சுட்டுவிட்டுப் போவதில் அதுதான் வம்பு. பத்திரிகைக்குப் படம் கிடைக்கும், அடுத்த பருவத்துக்கு ஆள் இருக்காது. இது களையெடுப்பு மாதிரி வருஷா வருஷம் அமைதியாக நடக்க வேண்டிய வேலை.

கேரளம் 2022-ல் செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஊராட்சித் தலைவருக்கே கௌரவ வன உயிரினக் காப்பாளர் என்ற அதிகாரத்தைக் கொடுத்து, அந்த ஊரில் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிட வைத்தார்கள். சுடுபவர் லைசென்ஸ் உள்ளவர். விஷம், வெடி, கரண்ட் கூடாது. செத்த உடலை முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும், கறிக்குப் போகக் கூடாது. குறை உண்டு; லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் முடிவு எடுக்கிற ஆள் கொல்லைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறார். ஓட்டுக் கேட்டு அடுத்த தடவை அதே வரப்பில் நடக்க வேண்டியவரும் அவர்தான்.

கறி விஷயத்தில் மட்டும் நான் கேரளத்தைவிடக் கண்டிப்பாக இருப்பேன். சுட வேண்டும் என்று கத்துகிறவர்களில் ஒரு பகுதிக்குப் பயிர்மேல் கண் இல்லை, சட்டிமேல்தான் கண். ஒரு துண்டு கறி வெளியே போனாலும் அடுத்த மாதம் பன்றித் தொல்லையே இல்லாத ஊரிலிருந்தும் மனு வரும். சுட்ட இடத்திலேயே குழி, ஊராட்சிச் செலவில் பொக்லைன், இரண்டு சாட்சி கையெழுத்து, பதிவேட்டில் தேதி, எடை, ஆணா பெண்ணா. குட்டியோடு இருக்கும் தாயைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குத் துப்பாக்கிக்காரர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற ராணுவத்தார் எத்தனை பேர் வட ஆற்காடு, தென் ஆற்காடு கிராமங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒரு காலத்தில் நம் தெருக்களில் சொல்தாக்கள் இருந்தது போல அங்கே ஊருக்கு நாலு பேர். வட்டத்துக்கு நாலு பேரைத் தேர்ந்து, வனத்துறை பயிற்சி கொடுத்து, தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கலாம். பரண்மேல் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குறி தப்பிய குண்டும் மண்ணுக்குள்தான் போகும். மூன்று கிலோமீட்டர் கணக்கை எடுத்துவிட்டு, பட்டா நிலத்துக்குள் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். கூடவே ஏரியில் நிற்கிற சீமைக்கருவேலத்தை வெட்டினால் பாதிப் பன்றிக்குப் படுக்க இடம் இருக்காது. அதற்கு வனத்துறை அனுமதியும் தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் ஏலம் விட வேண்டும், மதிப்பீடு வேண்டும் என்று அது ஒரு தனிக் கோப்பு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். இப்போதைக்கு அந்தப் பக்கம் நிலம் உள்ள நம் வாசகர்கள் ஒன்று செய்யலாம். பன்றி கிண்டிய அன்றைக்கே, உழுது மூடுவதற்கு முன், செல்போனில் படம் எடுங்கள். படத்தில் பக்கத்து மின்கம்பமோ கிணற்றுமேடோ தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எந்தக் கொல்லை என்று கேட்பார்கள். வி.ஏ.ஓ.விடம் அந்தப் பருவத்து அடங்கல் நகல் வாங்குங்கள். அடங்கலில் மல்லாட்டை என்று ஏறாவிட்டால் அழிந்தது புல் என்றாகிவிடும். மனுவை ஊராட்சி, வேளாண்மை அலுவலகம், வனச்சரக அலுவலகம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பத்துப் பேரைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. கம்பியில் கரண்ட் விட்டிருக்கும் உறவுக்காரர் யாராவது இருந்தால், இன்று ராத்திரியே போன் செய்து பிடுங்கச் சொல்லுங்கள். மைத்துனருக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவின் மாதிரி என்னிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். கொடுக்கப் போகும்போது நகல் ஒன்று கையில் வைத்திருங்கள். அதில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.